கெர்னலுக்குத் தெரியாத சாமானைத் தெரியவைக்கிறது எப்பிடி, அந்தத் திருத்தம் நிலைச்சு நிக்க என்ன செய்யோணும்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிப்பாட்டின பிறகு திருகோணமலையில எனக்குத் தெரிஞ்சே கனபேர் பழைய லப்டொப்புக்கு லினக்ஸ் போட்டுட்டாங்க. உவர்மலையில டியூஷன் குடுக்கிற டீச்சர், கிண்ணியாவில கடைக் கணக்குப் பாக்கிற நானா, திருக்கடலூர்ப் பக்கம் போட்டில ஓப்பன்சிபிஎன் போட்டுக் கடல் வரைபடம் பாக்கிற அண்ணாமார் எண்டு எல்லா வகை ஆக்களும் இருக்கிறாங்க. போட்டு ரெண்டு நாள் போனா வாற கேள்வி ஒண்டுதான், இந்தச் சாமான் வேலை செய்யுதில்லையே, என்ன செய்யிறது? ஜிபிஎஸ் கேபிளா இருக்கும், வைஃபை டொங்கிளா இருக்கும், வெளி ஹார்ட் டிஸ்க்கா இருக்கும். தேடிப் பாத்தா முதல் கிடைக்கிற பதில் ஆரோ எழுதின ஸ்கிரிப்ட இறக்கி ரூட்டா ஓட்டுங்கோ எண்டுறது. ஓட்டினா இண்டைக்கு வேலை செய்யும், அடுத்த கெர்னல் (லினக்ஸுக்குள்ள இருந்து சாமான்களை ஓட்டுற நடுப்பகுதி) அப்டேட் வந்த அண்டைக்கு உடையும், பிறகு திருப்பியும் அதே தேடல்.

நான் இங்க சொல்லப்போற வழி கொஞ்சம் நீளம், ஆனா ஒருக்காச் செய்தாக் காணும். பிழை எங்க எண்டு பிடிக்கிறது, உங்கட மெஷினிலயே திருத்திப் பாக்கிறது, சரிவந்தா அந்தத் திருத்தத்தை மெயின் கெர்னலுக்குள்ள சேர்க்கச் சொல்லி அனுப்புறது. உள்ள போட்டுட்டா அதே கேபிள் வச்சிருக்கிற எல்லாருக்கும் அப்டேட்டோட தானா வந்து சேரும், நீங்களும் திரும்ப அதைத் தொடத் தேவையில்ல. இதுக்குப் பெரிய புரோகிராமரா இருக்கவேணும் எண்டில்ல. டேர்மினலில கொமாண்ட் அடிக்கத் தெரிஞ்சு, சி மொழியில ஒரு வரியைப் பாத்து அதே மாதிரி இன்னொரு வரி எழுதத் தெரிஞ்சா பாதிக்கு மேல செய்யலாம்.

முதல்ல உப்பைப் பாருங்கோ

திருகோணமலையில இருக்கிற ஆக்களுக்கு இதை முதல் சொல்லியே ஆகவேணும், ஏனெண்டா எந்தக் கெர்னல் கைட்டிலயும் இது இராது. கடற்காத்துப் படுற இடத்தில வச்ச யூஎஸ்பி போர்ட், கேபிள் முனை எல்லாத்திலயும் பச்சை பிடிக்கும், வாடைக்காலத்தில ஈரமும் சேர்ந்தா இன்னும் கெதியாப் பிடிக்கும். பாக்கிறதுக்கு ட்ரைவர் (ஒரு சாமானை ஓட்டத் தெரிஞ்ச கெர்னல் பகுதி) பிழை மாதிரியே இருக்கும், ட்ரைவரின்ர கோட் எவ்வளவு பாத்தும் பிரயோசனம் இல்ல. ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட சின்ன பிரஷ்ஷால முனையைத் துடைச்சுக் காயவிட்டு, வேற கேபிளிலயும் வேற போர்ட்டிலயும் ஒருக்காச் செருகிப் பாருங்கோ. ஏலுமெண்டா வேற லப்டொப்பிலயும் செருகிப் பாருங்கோ.

உப்பா கோட்டா எண்டு கெர்னலே ஓரளவுக்குச் சொல்லும். டேர்மினலைத் திறந்து டிமெசேஜ் (டி எம் ஈ எஸ் ஜி எண்டு அடிக்கிறது) கொமாண்டை டேஷ் டபிள்யூ சேர்த்து ஓட்டி விட்டுட்டு சாமானைச் செருகுங்கோ, என்ன நடக்குது எண்டு வரிவரியா ஓடும். அதில எரர் -71 எண்டு வந்தா சாமானும் கெர்னலும் கதைக்கிற பாஷையே இடையில குழம்புது எண்டு அர்த்தம், எரர் -110 எண்டா கேட்ட கேள்விக்கு நேரத்துக்குப் பதில் வரேல்ல. இந்த ரெண்டும் கேபிள், கரண்ட் காணாமை, பழுதான ஹப் இந்த மூண்டிலதான் கூடுதலா வரும், கரண்ட் காணாட்டி தனி அடப்டர் உள்ள ஹப்பில போட்டுப் பாருங்கோ. எரர் -2 எண்டு, அதுவும் ஃபர்ம்வெயார் (சாமானுக்குள்ள ஏத்துற புரோகிராம்) லோட் எண்ட சொல்லோட சேர்ந்து வந்தா சந்தோசப்படுங்கோ, அது பைல் ஒண்டு இல்ல எண்டுறது மட்டும்தான். லினக்ஸ்-ஃபர்ம்வெயார் பக்கேஜை அப்டேட் பண்ணினா அனேகமாச் சரி. டெபியனில 12க்கு முந்தின வேர்ஷன் எண்டா நொன்-ஃப்ரீ பகுதியை நீங்களே திறந்துவிடவேணும்.

நம்பரை எடுங்கோ

எரர் ஒண்டும் இல்லாம, புது யூஎஸ்பி டிவைஸ் வந்திருக்கு எண்டு மட்டும் சொல்லிப்போட்டு டிமெசேஜ் அமைதியா நிண்டுதெண்டா அதுதான் எங்கட இடம். எல்எஸ்யூஎஸ்பி எண்டு அடியுங்கோ. ஒவ்வொரு சாமானுக்கும் நடுவில முக்காற்புள்ளி போட்டு ரெண்டு நம்பர் காட்டும், முதலாவது செய்த கம்பனி, ரெண்டாவது மொடல். 0403:6001 எண்டா எஃப்டிடிஐ கம்பனியின்ர பேர்போன சீரியல் சிப். லப்டொப்புக்குள்ளயே இருக்கிற கார்ட் எண்டா எல்எஸ்பிசிஐ கொமாண்டுக்கு டேஷ் என்என்கே சேர்த்து அடியுங்கோ, 8086 எண்டு தொடங்கினா இன்டெல், அதுக்குக் கீழ எந்த ட்ரைவர் பிடிச்சிருக்கு எண்டும் ஒரு வரி வரும். அந்த வரி இல்லாட்டி ஒருத்தரும் பிடிக்கேல்ல.

ஏன் இந்த நம்பர் முக்கியம் எண்டா, கெர்னல் சாமானை அடையாளம் பிடிக்கிறது இதை வச்சுத்தான். ஒவ்வொரு ட்ரைவருக்குள்ளயும் ஒரு அட்டவணை இருக்கு, நான் பாத்துக்கொள்ளுற நம்பருகள் இவை எண்டு. பள்ளிக்கூட இடாப்பில பேரில்லாத பிள்ளை வகுப்பிலயே இருந்தாலும் கூப்பிடமாட்டாங்க, அதே மாதிரித்தான் அட்டவணையில நம்பர் இல்லாத கேபிளும், உள்ளுக்க இருக்கிற சிப்புக்கு ட்ரைவர் பத்து வருசமாக் கெர்னலில இருந்தாலும் அது சும்மா கிடக்கும். எஃப்டிடிஐ சிப்பை வாங்கித் தங்கட கருவிக்குள்ள வச்சு, தங்களுக்கெண்டு வேற மொடல் நம்பர் போட்டு விக்கிற கம்பனிகள் எக்கச்சக்கம். அதாலதான் எஃப்டிடிஐ-சியோ ட்ரைவரின்ர நம்பர் பைல் அவ்வளவு நீளம்.

அந்தப் பைலுக்குள்ள நான் எல்லாருக்கும் காட்டுற வரி ஒண்டு இருக்கு. 2014 ஒக்டோபரில விண்டோஸுக்கு வந்த எஃப்டிடிஐ ட்ரைவர் போலிச் சிப்புகளைக் கண்டுபிடிச்சு அதுகளின்ர மொடல் நம்பரை 0000 எண்டு மாத்தி விட்டது. சிப் போலி எண்டு தெரியாமலே காசு குடுத்து வாங்கின சனத்தின்ர கேபிள் அதோட செத்துப்போச்சு. லினக்ஸ் கெர்னல் செய்தது என்னெண்டா 0403:0000 எண்ட நம்பரையும் அட்டவணையில சேர்த்து, இதுகளுக்கும் வேலை செய்து குடுக்கிறோம் எண்டு பக்கத்தில குறிப்பும் எழுதி வச்சது. இண்டைக்கும் இருக்கு, திறந்து பாக்கலாம். கடைக்குப் போய் ஆகக் குறைஞ்ச விலைக்கு உள்ள கேபிளை வாங்கி வாற எங்கட ஊர் ஆக்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி எண்டு நினைச்சுப் பாருங்கோ.

ட்ரைவர் பிடிச்சும் வேலை செய்யாட்டி

நம்பரெல்லாம் சரி, ட்ரைவரும் பிடிக்குது, ஆனா பிடிச்ச கையோட விட்டுடுது எண்டா கெர்னலை விட்டு வெளியில தேடுங்கோ. உபுண்டு 22.04 வந்தபோது கனபேரை அலைக்கழிச்சது இது: சிஎச்340 சிப் உள்ள மலிவான சீரியல் கேபிள், ஆர்டுயினோ போர்ட் எல்லாம் செருகின உடன வந்து உடனயே மறையும். டிமெசேஜில பிஆர்எல்டிடிவை எண்ட பேர் தெரியும். அது கண் தெரியாத ஆக்கள் பாவிக்கிற பிரெய்ல் கருவிக்கான புரோகிராம், அந்தக் கருவிகள் சிலதுக்கும் இந்தக் கேபிளுக்கும் ஒரே நம்பர், அதால தன்ர கருவி எண்டு நினைச்சு இழுத்துப் பிடிக்குது. அதைக் கழட்டி எறியச் சொல்லித்தான் எல்லா இடமும் எழுதியிருக்கு, ஆனா பள்ளிக்கூட லாப், நூலகம் மாதிரிப் பொது இடத்து மெஷினில அப்பிடிக் கழட்டாதேங்கோ, ஆருக்கோ அது தேவைப்படும். யூடெவ் (சாமான் செருகினா என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்கிற புரோகிராம்) ரூல் பைலில அந்த ஒரு நம்பர் உள்ள வரியை மட்டும் நிப்பாட்டி விட்டாலே காணும்.

போர்ட் வந்திருக்கு, டிடிவையூஎஸ்பி0 எண்டு பேரும் தெரியுது, ஆனா திறக்க அனுமதி இல்ல எண்டு சொல்லுதா? உங்கட யூசரை டயல்அவுட் குரூப்பில சேர்த்து லொக்அவுட் பண்ணித் திரும்ப வாங்கோ. அவ்வளவுதான்.

வெளி ஹார்ட் டிஸ்க் கொப்பி பண்ணேக்க நடுவில தொங்குது எண்டா யூஏஎஸ் எண்ட வேகமான முறையை அந்தப் பெட்டி சரியாச் செய்யேல்ல எண்டு சந்தேகப்படலாம். பூட் லைனில (கெர்னல் தொடங்கேக்க குடுக்கிற ஒப்ஷன் வரி) யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் எண்ட ஒப்ஷனுக்கு அந்த நம்பரைக் குடுத்துக் கடைசியில யூ எண்ட சின்ன எழுத்தைப் போட்டா பழைய மெதுவான முறைக்குப் போகும். தொங்குறது நிண்டா காரணம் பிடிபட்டுது.

கோட் தொடாம நம்பர் சேர்த்துப் பாக்கிறது

இனி இதன்ர ருசியான பகுதி. கெர்னலைத் திருப்பிக் கட்டாமலே (கோடில இருந்து ஓடக்கூடிய புரோகிராமாச் செய்யிறதைத்தான் கட்டுறது எண்டுறம்), ஓடிக்கொண்டிருக்கிற ட்ரைவரிட்ட இந்த நம்பரையும் பாத்துக்கொள் எண்டு சொல்லலாம். முதல் மோட்புரோபால எஃப்டிடிஐ அண்டர்ஸ்கோர் சியோ மொடியூலை (தனியா ஏத்தக்கூடிய ட்ரைவர் பைல்) ஏத்துங்கோ. பிறகு சிஸ் போல்டருக்குள்ள பஸ், அதுக்குள்ள யூஎஸ்பி-சீரியல், அதுக்குள்ள ட்ரைவர்ஸ், அதுக்குள்ள அந்த ட்ரைவரின்ர பேரில ஒரு போல்டர், கடைசியா நியூ அண்டர்ஸ்கோர் ஐடி எண்டு ஒரு பைல் இருக்கும். அதுக்குள்ள உங்கட கேபிளின்ர ரெண்டு நம்பரையும் நடுவில இடம் விட்டு எழுதவேணும், முக்காற்புள்ளி போடக்கூடாது. எக்கோவுக்கு முன்னால சூடோ போட்டா காணாது, பைலைத் திறக்கிறது உங்கட ஷெல்தான், அதுக்கு ரூட் அனுமதி இல்ல, அதால எக்கோவை பைப் பண்ணி சூடோ டீக்குக் குடுங்கோ.

எழுதின உடன டிமெசேஜில டிடிவையூஎஸ்பி0 வந்தா முக்கால்வாசி வெண்டாச்சு, மிச்சம் உண்மையிலயே டேட்டா வருதா எண்டு பாக்கிறதுதான். போட்டில பூட்டுற பழைய ஜிபிஎஸ் என்எம்இஏ 0183 முறையில கதைக்கும், அதின்ர வேகம் 4800. எஸ்டிடிவை கொமாண்டால போர்ட்டை 4800க்கு வச்சுப்போட்டு கேட் கொமாண்டால வாசிச்சா டொலர் அடையாளத்தோட ஜிபிஆர்எம்சி, ஜிபிஜிஜிஏ எண்டு வரிகள் விழும். அந்த வரியில அகலக்கோடு பாகையும் கலையும் ஒட்டித்தான் வரும். 0834 இல்லாட்டி 0835 எண்டு தொடங்கி எழுத்து என், பிறகு 08113 இல்லாட்டி 08114 எண்டு தொடங்கி எழுத்து ஈ எண்டு வந்தா நீங்க திருகோணமலை டவுனுக்குள்ள நிக்கிறீங்க, கேபிளும் ட்ரைவரும் ரெண்டும் சரி. குப்பை எழுத்துகள் வந்தா வேகம் பிழை, ட்ரைவரைக் குறை சொல்லாதேங்கோ. ஒண்டுமே வராட்டி ஜிபிஎஸ்க்குக் கரண்ட் போகுதா எண்டு பாருங்கோ.

வைஃபை டொங்கிளுக்கு இதே வேலை செய்யேக்க ஒரு கவனம் வேணும். ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ மாதிரி ஒரே ட்ரைவர் பல சிப்பைப் பாக்குது, எந்த நம்பருக்கு எந்தச் சிப் எண்ட விபரத்தை அட்டவணையில நம்பருக்குப் பக்கத்தில வச்சிருக்கு. நீங்க வெறும் ரெண்டு நம்பரை மட்டும் எழுதினா அந்த விபரம் வெறுமையாப் போகும், கெர்னல் ஊப்ஸ் (உள்ளுக்க வாற பிழை) அடிச்சு விழக்கூடும். அதால மூண்டாவதா 0, நாலாவதும் ஐஞ்சாவதுமா ஏற்கனவே வேலை செய்யிற, அதே சிப் உள்ள வேற டொங்கிளின்ர ரெண்டு நம்பரை எழுதுங்கோ, அப்ப அதின்ர விபரத்தை இதுக்கும் எடுத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு ஆர்டிஎல்8192ஈயூ சிப் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சா டிபி-லிங்க் டொங்கிள் ஒண்டின்ர 2357 0109ஐக் குடுக்கலாம். எந்தச் சிப் எண்டு தெரியாம அந்தாளுக்கு இது வேலை செய்ததாம் எண்டு குடுக்கிறது கூடாது.

இப்பிடி எழுதினது ரீபூட் பண்ணினா அழிஞ்சிடும். போட்டுக்காரருக்கு ஒவ்வொரு நாளும் கொமாண்ட் அடி எண்டு சொல்ல ஏலாது, அதால பூட் ஆகேக்க இதே ரெண்டு வரியும் ஓடுற மாதிரி சிஸ்டம்டியில சின்ன சேர்விஸ் ஒண்டு எழுதி விடுங்கோ. இது தற்காலிக ஒட்டு எண்டு அந்தப் பைலுக்குள்ளயே திகதியோட எழுதி வையுங்கோ, பிறகு கழட்டவேணும்.

நேற்று வேலை செய்தது இண்டைக்கு இல்ல எண்டா

இது வேற கதை. அப்டேட்டுக்கு முதல் வேலை செய்து அப்டேட்டுக்குப் பிறகு செத்திருந்தா அது ரிக்ரெஷன், கெர்னல் செய்யிற ஆக்கள் மற்ற எல்லாப் பிழையை விடவும் இதுக்கு முதலிடம் குடுப்பாங்க. வேலை செய்துகொண்டிருந்ததை உடைக்கக்கூடாது எண்டதில லினக்ஸைத் தொடங்கின லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கத்தில இருந்தே விட்டுக்குடுக்கிறதில்ல. அதால தயங்காமச் சொல்லுங்கோ, ஆனா கையில ஆதாரத்தோட போங்கோ.

முதல் க்ரப் மெனுவில (பூட் ஆகேக்க எந்தக் கெர்னல் எண்டு தெரிவு செய்யிற இடம்) பழைய கெர்னலுக்குப் போய் அதில உண்மையிலயே வேலை செய்யுது எண்டு உறுதிப்படுத்துங்கோ. இதுக்காகவே பழைய கெர்னல் ரெண்டையாவது அழிக்காம வச்சிருக்கவேணும். உபுண்டு பாவிச்சா மெயின்லைன், அதாவது உபுண்டு தன்ர மாற்றம் சேர்க்காத மெயின் கெர்னல்களைக் கட்டிப் பக்கேஜா வச்சிருக்கிறாங்க, அதுகளைப் போட்டுப் பாத்து எந்த ரெண்டு வேர்ஷனுக்கு நடுவில உடைஞ்சது எண்டு கட்டாமலே சுருக்கலாம். பிறகுதான் கிட் (கோட் மாற்றங்களின்ர வரலாற்றை வச்சிருக்கிற புரோகிராம்) பைசெக்ட். ஒரு கெர்னல் வேர்ஷனுக்கும் அடுத்ததுக்கும் இடையில பத்தாயிரத்துக்கு மேல மாற்றங்கள் வரும், ஆனா ஒவ்வொரு முறையும் பாதியா வெட்டிக்கொண்டு போறதால 14 தரம் அளவில கட்டிப் பாத்தா பிழை செய்த ஒரே ஒரு மாற்றம் கையில வந்திடும். பிழை யூஎஸ்பி பகுதிக்குள்ளதான் எண்டு நம்பிக்கை இருந்தா பைசெக்டைத் தொடங்கேக்கயே ட்ரைவர்ஸ், யூஎஸ்பி போல்டரைக் குறிச்சுக் குடுங்கோ, கட்டிப் பாக்கிற தடவை இன்னும் குறையும். இடையில ஒரு கெர்னல் கட்டுப்படாட்டி இல்லாட்டி வேற காரணத்தால பூட் ஆகாட்டி குட் எண்டோ பேட் எண்டோ ஊகிச்சுச் சொல்லாதேங்கோ, ஸ்கிப் எண்டு சொல்லுங்கோ. ஒரு பிழையான பதில் முழு வேலையையும் பிழையான இடத்தில கொண்டுபோய் விடும்.

இங்க இருந்து கெர்னல் கட்டுறது

எங்கட இணைய வேகத்திலயும் டேட்டா விலையிலயும் கிட் குளோன் எண்டு நேரா அடிச்சா முழு வரலாறும் சில ஜிபி, இடையில லைன் விழுந்தா தொடக்கத்தில இருந்து. அதுக்கு கெர்னல் டொட் ஓர்க்கில குளோன் டொட் பண்டில் எண்டு ஒரு பைல் வச்சிருக்கிறாங்க, அதை டபிள்யூகெட் டேஷ் சியால இறக்கினா விட்ட இடத்தில இருந்து தொடரும், ராத்திரி டேட்டாவில பங்கு பங்கா இறக்கலாம். இறக்கின பண்டிலில இருந்து குளோன் பண்ணி, பிறகு ரிமோட் விலாசத்தை மாத்திப் புதுசா வந்ததை மட்டும் இழுங்கோ. பைசெக்ட் தேவையில்ல, நம்பர் மட்டும் சேர்க்கிறது எண்டா ஆழமில்லாக் குளோனோட (பழைய வரலாறு இல்லாம இறக்கிறது) தொடங்கலாம்.

உபுண்டு கெர்னல் மாதிரி எல்லா மொடியூலையும் கட்டப் போனா பழைய லப்டொப்பில நாள் முழுக்கப் போகும். மேக் லோக்கல்மோட்கொன்ஃபிக் எண்டு அடிச்சா இப்ப ஏறியிருக்கிற மொடியூல்களை மட்டும் எடுத்துச் சின்னக் கொன்ஃபிக் (எதெதைக் கட்டுறது எண்ட பட்டியல்) செய்து தரும். இதில கவனிக்கவேண்டியது, அந்த நேரத்தில செருகியிருக்காத சாமானின்ர ட்ரைவர் கட்டுப்படாது. அதால அடிக்க முதல் வீட்டில இருக்கிற பென் ட்ரைவ், பிரின்டர், வைஃபை டொங்கிள், போன் கேபிள், ஜிபிஎஸ் எல்லாத்தையும் ஒருக்காச் செருகி எடுங்கோ. உபுண்டு, டெபியன் கொன்ஃபிக்கில இருந்து தொடங்கினா சேர்ட்டிஃபிகேட் பைல் ஒண்டைக் காணேல்ல எண்டு மேக் நிக்கும், சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ் எண்ட ஒப்ஷனை வெறுமையாக்கி விடுங்கோ, ரிவோகேஷன் கீஸ் எண்டதையும் அப்பிடியே. டீபக் இன்ஃபோவையும் (பிழை தேடுறதுக்குச் சேர்க்கிற கூடுதல் விபரம்) நிப்பாட்டினா டிஸ்க்கில கன இடம் மிச்சம்.

கரண்ட் போனாப் பயப்படாதேங்கோ, மேக் கட்டி முடிச்ச பைல்களை வச்சுக்கொண்டு மிச்சத்தில இருந்துதான் தொடங்கும். செக்யூர் பூட் (சைன் இல்லாத கெர்னலைத் தடுக்கிற பாதுகாப்பு) போட்டிருக்கிற மெஷின் எண்டா நீங்க கட்டின கெர்னலை பூட் பண்ணவிடாது, தனி மொடியூலை ஏத்தப் போனாலும் கீ ரிஜெக்டட் எண்டு சொல்லும். ஒண்டில் பயோஸில அதை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி எம்ஓகே முறையில உங்கட கீயைப் பதிஞ்சு சைன் பண்ணுங்கோ. ஒஃபிஸ் மெஷின் எண்டா ரெண்டாவதுதான் சரி.

ஒரு வரியை மெயின் கெர்னலுக்கு அனுப்புறது

கனபேர் இந்த இடத்தில நிண்டிடுவாங்க. தங்கட மெஷினில வேலை செய்யுது, காணும் எண்டு. ஆனா உங்கட கேபிளை மாதிரியே இன்னொண்டை சல்லியிலயோ குச்சவெளியிலயோ, கடல் தாண்டி நாகப்பட்டினத்திலயோ ஒருத்தர் செருகிப்போட்டு முழிச்சுக்கொண்டு இருப்பார். அந்த வரியை அனுப்ப ஒரு பின்னேரம் காணும்.

எஃப்டிடிஐ உதாரணத்தையே எடுப்பம். ட்ரைவர்ஸ், யூஎஸ்பி, சீரியல் போல்டருக்குள்ள ரெண்டு பைல். பேரின்ர கடைசியில ஐடிஸ் எண்டு முடியிற ஹெடர் பைலில மொடல் நம்பருக்கு ஒரு பேர் வச்சு டிஃபைன் வரி ஒண்டு, சி பைலில இருக்கிற அட்டவணையில யூஎஸ்பி டிவைஸ் எண்டு தொடங்கிற வரி ஒண்டு. பக்கத்தில இருக்கிற வரியள் எந்த ஒழுங்கில இருக்கோ அதே ஒழுங்கில சொருகுங்கோ, கடைசியில கொண்டுபோய் ஒட்டாதேங்கோ. உள்தள்ள டாப் பாவிக்கவேணும், 8 எழுத்து அகலம், ஸ்பேஸ் போட்டா உடன திருப்பி அனுப்புவாங்க.

பிறகு கிட் கொமிட் டேஷ் எஸ், உங்கட மாற்றத்தைக் குறிப்போட பதியிறது அது. தலைப்பு வரி எப்பிடி இருக்கவேணும் எண்டு யோசிச்சு மினக்கெடாதேங்கோ, அந்தப் பைலின்ர கிட் லொக்கைப் பாத்தா முந்தி நம்பர் சேர்த்த ஆக்கள் எழுதின வடிவம் இருக்கும், அதையே பின்பற்றுங்கோ. உள்ளுக்க இது என்ன கருவி, எதுக்குப் பாவிக்கிறது, எப்பிடிச் சோதிச்சனீங்க எண்டு எளிய ஆங்கிலத்தில மூண்டு நாலு வசனம் எழுதி, யூஎஸ்பி-டிவைசஸ் கொமாண்ட் காட்டுற அந்தக் கருவியின்ர பகுதியையும் ஒட்டுங்கோ. ஆங்கிலம் இலக்கணம் பிசகினா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க, விபரம் காணாட்டித்தான் கேள்வி வரும்.

டேஷ் எஸ் போட்டதால சைன்ட் ஓஃப் பை எண்டு உங்கட பேரோட கடைசியில ஒரு வரி சேரும். இந்தக் கோடை அனுப்ப எனக்கு உரிமை இருக்கு எண்டு நீங்க குடுக்கிற உறுதிமொழி அது, 2004இல இருந்து இருக்கு. அடையாளம் தெரிஞ்ச பேரா இருக்கவேணும், பேரில்லாம அனுப்ப ஏலாது. எங்கட ஆக்களுக்கு இனிஷியலா, அப்பாவின்ர பேரா, ஆங்கில எழுத்தில எப்பிடி எழுதுறது எண்டு குழப்பம் வரும், நாலு பேருக்கு உங்களைத் தெரிஞ்ச பேரை எழுதுங்கோ, ஆனா மெயிலிலயும் கொமிட்டிலயும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அனுப்ப முதல் ஸ்கிரிப்ட்ஸ் போல்டரில இருக்கிற செக்பட்ச்சை ஓட்டுங்கோ (பட்ச் எண்டுறது நீங்க மாத்தின வரியள் உள்ள பைல்). பிறகு கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்டுக்குப் பட்ச்சைக் குடுத்தா ஆருக்கு, அதாவது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான எந்த மெயின்டெய்னருக்கு அனுப்பவேணும் எண்டு சொல்லும். யூஎஸ்பி சீரியலைக் கனகாலமா யொஹான் ஹோவோல்ட் பாக்கிறார், யூஎஸ்பி முழுக்க கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். பெரிய ஆக்கள் எண்டு பயப்படத் தேவையில்ல, இப்பிடியான ஒரு வரிப் பட்ச் அவங்களுக்கு அன்றாடம் வாறது. மெயில் வெறும் டெக்ஸ்டா இருக்கவேணும், பட்ச் அட்டாச்மென்டா இல்லாம மெயிலுக்குள்ளயே இருக்கவேணும், ஜிமெயில் பக்கத்தில ஒட்டி அனுப்பினா டாப் எல்லாம் ஸ்பேஸாகிப் பட்ச் உடையும். கிட் சென்ட்-ஈமெயிலைப் போட்டு, ஜிமெயில் எண்டா ஆப் பாஸ்வேர்ட் எடுத்து, முதல் உங்களுக்கே ஒருக்கா அனுப்பி, வந்த மெயிலில இருந்து பட்ச் ஒட்டுப்படுதா எண்டு பாருங்கோ.

ரிக்ரெஷனுக்கான திருத்தம் எண்டா பைசெக்ட் காட்டின கொமிட்டின்ர நம்பரை ஃபிக்ஸஸ் எண்ட வரியில குடுக்கவேணும். நம்பர் சேர்க்கிற பட்ச்சுக்கு அது தேவையில்ல, ஆனா ஸ்டேபிளுக்கு (ஏற்கனவே வெளியான கெர்னலுக்குத் திருத்தம் சேர்க்கிற வரிசை) சிசி எண்ட வரியைச் சேருங்கோ. ஸ்டேபிள் கெர்னலுக்கு எல்லாத்தையும் எடுக்கமாட்டாங்க, மெயின்லைனில முதல் சேர்ந்திருக்கவேணும், சுத்தியிருக்கிற வரியளோட சேர்த்து 100 வரிக்கு மேல போகக்கூடாது எண்டெல்லாம் விதி இருக்கு, ஆனா புது நம்பர் சேர்க்கிறதை எடுக்கலாம் எண்டு அந்த விதியிலயே எழுதியிருக்கு. இந்தச் சலுகையாலதான் உங்கட வரி அடுத்த பெரிய வேர்ஷன் வரும்வரை காத்திராம, சனம் இப்ப பாவிக்கிற 6.6, 6.12 மாதிரி நீண்டகாலக் கெர்னல்களுக்கும் போய்ச்சேருது.

பதில் வராட்டி

ஒரு கிழமையாவது பொறுங்கோ. கெர்னல் 9, 10 கிழமைக்கு ஒருக்கா வருது, அதில முதல் 2 கிழமை மேர்ஜ் விண்டோ (புது மாற்றங்களைச் சேர்க்கிற காலம்), அந்த நேரம் மெயின்டெய்னர்மார் தலை தூக்க நேரமில்லாம இருப்பாங்க. திருத்தச் சொல்லி வந்தா அதே மெயிலுக்குக் கீழ, கேட்ட கேள்விக்கு நேர கீழயே பதில் எழுதுங்கோ, மேல எழுதிப்போட்டு முழு மெயிலையும் கீழ தொங்கவிடாதேங்கோ. திருத்தி அனுப்பேக்க தலைப்பில வி2 எண்டு வரவேணும், என்ன மாத்தினது எண்ட குறிப்பு --- எண்ட மூண்டு சின்னக் கோட்டுக்குக் கீழ போகவேணும், அப்பதான் அது கொமிட்டுக்குள்ள சேராது. கடுமையாச் சொன்ன மாதிரித் தெரிஞ்சாலும் அவங்க கதைக்கிறது கோடைப் பற்றித்தான், சொன்னதைச் செய்தா எடுப்பாங்க.

மெயின்டெய்னர்ஸ் எண்ட பைலை ஒருக்காத் திறந்து உங்கட சாமானின்ர ட்ரைவர் எந்த நிலையில இருக்கு எண்டும் பாருங்கோ. மெயின்டெய்ன்ட், சப்போர்ட்டட் எண்டா ஆள் இருக்கு. ஒட் ஃபிக்ஸஸ் எண்டா இடைக்கிடை பாக்கிற ஆள். ஓர்ஃபன் எண்டா ஒருத்தரும் இல்ல, அந்த ட்ரைவருக்கு ஆபத்து. ஆரும் பாவிக்கிறதா, சோதிக்கிறதாத் தெரியாட்டி எடுத்துவிடுவாங்க, 386 ப்ரொசசர் 3.8இல போச்சு, இட்டானியம் எண்ட இன்டெல் ப்ரொசசர் முழுக்க 2024 ஜனவரியில வந்த 6.7இல போச்சு. பழைய சாமானை நாங்கள்தான் மற்ற நாடுகளை விடக் கூடக்காலம் பாவிக்கிறம், ஆனா பாவிக்கிறம் எண்டு ஒரு வரி எழுதிச் சொல்லுறதில்ல, அங்க இருக்கிற ஆக்களுக்கு அது எப்பிடித் தெரியும்? உங்கட சாமானுக்கான பட்ச் ஒண்டை வேற ஆரும் அனுப்பியிருந்தா, அதைப் போட்டுப் பாத்து டெஸ்டட் பை எண்டு உங்கட பேரோட பதில் எழுதுங்கோ. கோட் எழுதத் தெரியாத ஆளும் இதைச் செய்யலாம், மெயின்டெய்னருக்கு அது பெரிய பலம். ஒவ்வொரு வேர்ஷனுக்கும் முதல் ஆர்சி1இல இருந்து ஆர்சி7, சில நேரம் ஆர்சி8 வரை சோதனை வேர்ஷன் வரும், அதில ஒண்டையாவது போட்டு உங்கட கேபிளைச் செருகி, லப்டொப்பைத் தூங்கவிட்டு எழுப்பியும் பாருங்கோ. தூங்கி எழும்பேக்க உடையிற சாமான் கனக்க.

பட்ச் சேர்ந்து, டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி) அப்டேட்டில உங்களிட்ட வந்துட்டுதா எண்டு பாக்க மோட்இன்ஃபோ கொமாண்டுக்கு ட்ரைவரின்ர பேரைக் குடுங்கோ. ஏலியஸ் எண்டு நீளமா வாற வரியளுக்குள்ள உங்கட நம்பரைத் தேடுங்கோ. இருந்தா முதல் எழுதின சிஸ்டம்டி சேர்விஸை நிப்பாட்டி அழிச்சு, பூட் லைனில ஏதும் ஒப்ஷன் போட்டிருந்தா அதையும் எடுத்து, ரீபூட் பண்ணி வெறும் கெர்னலோட கேபிளைச் செருகுங்கோ. ஆற்றையும் போட்டில இருக்கிற லப்டொப்புக்கு அந்த ஒட்டைப் போட்டுக் குடுத்திருந்தீங்கள் எண்டா அங்கயும் போய்க் கழட்டி விடுங்கோ.